பல துறை ஆராய்ச்சி நிலையங்களும் பொதுக் கருவிச் சாலைகளும்: விவசாயிக்கு அவற்றால் ஆவது என்ன?

ஒரு பெரிய சர்வகலாசாலையில் தாவர நூல், மண்ணியல், பூச்சி நூல், இரசாயனம், கால்நடை மருத்துவம், பொறியியல் என்று கல்வி பல துறைகளாக வகுக்கப்பட்டிருப்பது யாவரும் அறிந்ததே. ஒருவர் தம் ஆயுட்காலத்தில் ஆழ்ந்து கற்கக் கூடியது சிறிதேயாதலின், இப்பாகுபாடு இன்றியமையாததாயிற்று. ஆனால், வயலில் தோன்றும் துன்பம் இவ்வரம்புகளை அறியாது. நெற்பயிர் மஞ்சளித்து நிற்குமாயின், அதற்குக் காரணம் தழைச்சத்துக் குறைவாயிருக்கலாம், துத்தநாகக் குறைவாயிருக்கலாம், வடிகால் அடைபட்டு வேர் மூச்சற்றுப் போயிருக்கலாம், அல்லது பச்சைத் தத்துப்பூச்சி கொண்டுவந்த துங்ரோ நோயாயிருக்கலாம். மிராசுதாரர் கேட்கும் கேள்வி ஒன்றே. அதற்குரிய விடையோ நான்கு கட்டிடங்களில் நான்கு பேரிடம் சிதறிக் கிடக்கிறது.

இக்குறையை நீக்கும் பொருட்டே, பல துறையினர் ஓரிடத்தில் கூடி உழைக்கும் ஆராய்ச்சி நிலையங்களும், விலையுயர்ந்த கருவிகளை எல்லாத் துறையாரும் பொதுவில் கையாளும் கருவிச் சாலைகளும் பெரிய சர்வகலாசாலைகளில் ஏற்படலாயின. இவற்றுக்குச் செலவாகும் பொருள் பெரும்பாலும் பொதுஜனங்களின் வரிப்பணமாகும். ஆகவே, இவை எவ்வாறு நடைபெறுகின்றன என்பது பண்டிதர்களுக்கு மட்டுமே உரிய விஷயமன்று. விவசாயியின் கேள்வி முழுமையாக ஒரு வாயிலில் நுழைந்து, முழுமையான விடையாக அதே வாயிலில் திரும்பி வருகிறதா என்பதைக் கொண்டே இந்நிலையங்களை மதிப்பிட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

மாட்டு நோயும் இரசாயன சாலையும்

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து மாடிஸன் நகரிலுள்ள சர்வகலாசாலையில் நிகழ்ந்த ஒரு வரலாறு இங்கே கவனிக்கத் தக்கது. 1920-ம் வருஷத்தை ஒட்டி, வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் மாடுகள் ஒரு விபரீதமான நோயால் மடியத் தொடங்கின. சிறு காயத்திலிருந்தும் இரத்தம் நில்லாமல் ஒழுகும். கொம்பு நீக்கினாலும் காயடித்தாலும் மாடு இரத்தம் வடிந்தே இறந்துபோகும். கனடாவில் ஷோபீல்டு என்னும் கால்நடை மருத்துவர், ஸ்வீட் குளோவர் என்ற தீவனத்தைப் பூசணம் பிடித்த நிலையில் தின்ற மாடுகளுக்கே இந்நோய் வருவதை நிரூபித்தார். இத்தீவனப் பயிர் நமது குதிரைமசாலுக்கு நெருங்கிய உறவு கொண்டது. ஆனால், கெட்ட தீவனத்தில் உள்ள விஷம் இன்னதென்று ஒருவராலும் கூற இயலவில்லை.

1933-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், கடும் பனிப்புயலினூடே ஒரு விவசாயி ஏறக்குறைய 190 மைல் வண்டியோட்டி மாடிஸன் நகருக்கு வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்தவை செத்த கிடாரி ஒன்று, உறையாத இரத்தம் நிரம்பிய பால் கேன் ஒன்று, கெட்ட தீவனம் சுமார் 100 பவுண்டு. அவர் நாடிவந்த கால்நடை மருத்துவரின் அலுவலகம் அன்று மூடிக் கிடந்தது. திறந்திருந்த உயிர் இரசாயனக் கட்டிடத்தில் நுழைந்து, கார்ல் பால் லிங்க் என்னும் பேராசிரியர் முன் தம் சுமையை இறக்கி வைத்தார். கெட்ட தீவனத்தை நிறுத்தும்படியும், நோயுற்ற மாட்டுக்கு நல்ல மாட்டின் இரத்தத்தை ஏற்றும்படியும் சொல்வதற்கு மேல் அன்று அப்பேராசிரியரால் ஒன்றும் செய்யக் கூடவில்லை.

எனினும், அக்கேள்வி வீண்போகவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், அதே சர்வகலாசாலையின் பயிர்ப் பெருக்க நிபுணரான பிரிங்க் என்பவர், கசப்புக் குறைந்த ஸ்வீட் குளோவர் ரகத்தை உண்டாக்கும் பொருட்டு, அதிலுள்ள கூமரின் என்ற பொருளை ஆராய லிங்கின் உதவியை நாடியிருந்தார். இவ்விதம் பயிர்ப் பெருக்கம், இரசாயனம், கால்நடை நோய் ஆகிய மூன்றும் ஒரே மேசை மீது சேர்ந்தன. ஆறு வருஷ உழைப்பிற்குப் பின், 1939-ம் வருஷத்தில் லிங்கின் மாணவர் காம்ப்பெல் அவ்விஷத்தைத் தூய பளிங்காகப் பிரித்தெடுத்தார். பூசணத்தின் செய்கையால் கூமரினிலிருந்து பிறந்த அப்பொருளுக்கு டைக்கூமரால் என்று பெயரிடப்பட்டது.

அதன் பயன் மாட்டுத் தொழுவத்தோடு நிற்கவில்லை. மனித இரத்தம் நாளங்களில் உறைந்து உயிரைப் போக்குவதைத் தடுக்கும் மருந்தாக டைக்கூமராலை வைத்தியர்கள் கையாண்டனர். லிங்கின் குழுவினர் மேலும் முயன்று கண்ட வார்பரின் என்பது 1948-ம் வருஷத்தில் எலிப் பாஷாணமாக வெளிவந்து, 1954-ம் வருஷத்தில் மனிதருக்குரிய மருந்தாகவும் அங்கீகரிக்கப்பட்டது. இன்று நம் வயல் வரப்புகளில் எலி வளைகளில் வைக்கப்படும் புரோமோடையலோன் என்னும் மருந்தும் அதே இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இவ்வரலாற்றில் நாம் நோக்க வேண்டியது ஒன்று உண்டு. அவ்விவசாயி உரிய இடத்தை அடைந்தது தற்செயலாகவே நிகழ்ந்தது. இரசாயனக் கட்டிடமும் அன்று மூடியிருந்தால், அவருடைய கேள்வி பனியில் புதைந்திருக்கும். தற்செயலாய் நேர்ந்த அந்த நன்மையை நித்திய வழக்கமாக ஆக்குவதே பல துறை நிலையங்களின் முதற் கடமையாகும்.

வெள்ளம் தாங்கும் நெல்

நமது காவிரிப் படுகைக்கு நேரே சம்பந்தமுள்ள மற்றோர் உதாரணம், நீரில் மூழ்கியும் பிழைக்கும் நெல்லாகும். ஒரிஸா நாட்டு நெல்லினத்திலிருந்து தெரிந்தெடுத்த எப்.ஆர்.13ஏ என்னும் ரகம் இரு வாரம் வரை முழுதும் நீருள் கிடந்தும் உயிர் தரிக்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. ஆனால், அதனை உயர்ந்த விளைச்சல் ரகங்களோடு ஒட்டியபோது, வெள்ளம் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் சேர்ந்து வந்தமையால், விவசாயிகள் அவற்றை விரும்பவில்லை.

1996-ம் வருஷத்தில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் வளாகத்தில் கெனோங் ஷூ, டேவிட் மக்கில் ஆகிய இருவரும், அக்குணம் நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் ஓரிடத்தில் அடங்கியிருப்பதைக் கண்டனர். அவ்விடத்துக்கு ஸப்-1 என்று பெயர். அங்குள்ள பமேலா ரொனால்டு என்பவரின் ஆய்வுக்கூடத்தாரும் சேர்ந்துழைத்து, 2006-ம் வருஷத்தில் அதற்குக் காரணமான மரபணுவை வெளிப்படுத்தினர். அதே சர்வகலாசாலையின் ரிவர்ஸைடு வளாகத்தில் ஜூலியா பெய்லி-ஸெர்ரஸ் என்பவர், அது பயிருக்குள் செய்யும் வேலையை ஆராய்ந்தார். சாதாரண நெல், நீரில் மூழ்கியதும் காற்றைத் தேடி விரைந்து நீண்டு, தன் உணவுச் சேமிப்பைச் செலவழித்து மடிகிறது. ஸப்-1 உடைய நெல்லோ வளர்ச்சியை அடக்கிச் சேமிப்பைக் காத்து, வெள்ளம் வடிந்தபின் தழைக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இக்குணத்தை மட்டும் நமது ஸ்வர்ணா ரகத்தில் ஏற்றினர். ஸ்வர்ணா ஸப்-1 என்ற அந்நெல் 2009-ம் வருஷத்தில் இந்தியாவில் வெளியிடப்பட்டது. பொன்மணி என்று நம்மவர் அறிந்த ஸி.ஆர்.1009 ரகத்திலும் அதே குணம் ஏற்றப்பட்டுள்ளது. மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் நீருக்கு இது மருந்தாகாது. திடீர் வெள்ளம் மூழ்கடித்து வடியும் நிலங்களுக்கே உரியது.

இவ்வேலையில் பயிர்ப் பெருக்க நிபுணர், மரபணு நிபுணர், பயிரின் உடற்கூற்றை ஆராய்வோர், வயலில் சோதித்துப் பார்த்தோர் ஆகிய எல்லாருக்கும் பங்குண்டு. இவருள் ஒருவர் குறைந்திருப்பினும் விதை நம் நாற்றங்காலுக்கு வந்திராது.

பொதுக் கருவியும் பொது ஏரியும்

நிற்க, கருவிகளைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். வைரஸைக் கண்ணுக்குக் காட்டும் மின்னணு நுண்பெருக்கி, மரபணு வரிசையை வாசிக்கும் இயந்திரம், மண்ணிலும் தானியத்திலும் உள்ள நுண்ணிய உலோகங்களை அளக்கும் கருவி ஆகியவற்றுள் சில, கோடிக்கணக்கான ரூபாய் பெறுவன. துறைக்கு ஒன்றாக இவற்றை வாங்குவது வீண் செலவு. ஒன்றை வாங்கிப் பலரும் முறைவைத்துக் கையாள்வதே விவேகம். விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் 1960-களில் பயோட்ரான் என்னும் கட்டிடம் இக்கருத்துடனேயே எழுப்பப்பட்டது. வெப்பம், ஈரம், வெளிச்சம் ஆகியவற்றை வேண்டியவாறு அமைத்துக்கொள்ளத் தக்க அறைகள் அதில் உள்ளன. பல துறையாரும் அவற்றைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துகின்றனர். நம் தேசத்திலும் சென்னை ஐ.ஐ.டி. முதலிய இடங்களில் உயர்ந்த ஆய்வுக் கருவி நிலையங்கள் வெளியாருக்கும் கட்டணத்தின் பேரில் சோதனை செய்து தருகின்றன. தேசமெங்கும் எந்தக் கருவி எங்குள்ளது என்பதைக் காட்டும் ஐ-ஸ்டெம் என்ற பொது ஏடு 2020-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் பெங்களூரில் தொடங்கப்பெற்றது.

ஆயினும், பொதுவில் வாங்கிய பொருளுக்குள்ள அபாயத்தை நம் கிராமத்தாருக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஏரி எல்லாருக்கும் சொந்தம் என்று சொல்லி ஒருவரும் மண்வெட்டி எடாத ஊரில், வரத்துக்கால் தூர்ந்து, மதகு உடைந்து, கடைமடை காய்வதை நாம் கண்டிருக்கிறோம். குடிமராமத்து ஒழுங்காக நடந்த ஊர்களிலோ, இன்னாருக்கு இவ்வளவு வேலை என்ற கணக்கு இருந்தது. முறை தவறாமல் தண்ணீர் பாய்ச்ச ஒரு நீர்க்கட்டி இருந்தார். அவருக்கு உரிய மானியம் அறுவடைக் களத்திலேயே அளக்கப்பட்டது. பொதுக் கருவிச் சாலைக்கும் இம்மூன்றும் வேண்டும். கருவி வாங்கும் நாளிலேயே அதன் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் வேண்டிய தொகை ஒதுக்கப்பட வேண்டும். யாருக்கு எந்நாள் முறை என்ற பதிவேடு எல்லாரும் பார்க்கக் கூடியதாயிருத்தல் வேண்டும். கருவியை இயக்கத் தேர்ந்த ஒருவர் நிரந்தர உத்தியோகத்தில் இருத்தல் வேண்டும். திறப்பு விழாவுக்குப் பணம் கிடைத்து, பழுது பார்க்கப் பணம் கிடையாத கருவி, மதகில்லாத ஏரிக்கு ஒப்பாகும்.

ஓர் ஆட்சேபம்

இத்தகைய நிலையங்களால் பழைய துறைகள் மெலிந்துபோகும் என்றும், எல்லாவற்றையும் மேலெழுந்தவாரியாகக் கற்றவர்களே பெருகுவர் என்றும் சிலர் ஆட்சேபிக்கின்றனர். இதில் உண்மை இல்லாமலில்லை. லிங்க் தம் இரசாயனத்தில் ஆழ்ந்த தேர்ச்சி பெற்றிருந்தமையாலேயே, பால் கேனில் வந்த கேள்விக்கு விடை காண முடிந்தது. ஆகையால், நிலையங்கள் துறைகளுக்குப் பதிலாக ஏற்படலாகாது; துறைகளுக்கு நடுவே ஏற்பட வேண்டும். மேலும், பிற துறையாரோடு கூடி உழைத்த விஞ்ஞானிக்கு, பதவி உயர்வின்போது அவ்வுழைப்பும் கணக்கில் சேர வேண்டும். இல்லையேல் ஒவ்வொருவரும் தத்தம் அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வதில் வியப்பில்லை.

நம் பங்கு

விவசாயிகள் நேரே சர்வகலாசாலைக்குச் செல்வது எப்போதும் இயலாது. அவர்களுக்கு அண்மையிலுள்ள வாயில் வேளாண் அறிவியல் நிலையமாகும். இந்தியாவின் முதலாவது வேளாண் அறிவியல் நிலையம் 1974-ம் வருஷத்தில் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஏற்பட்டது நமக்குப் பெருமையே. ஒரு தலைவரும் வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த ஆறு நிபுணர்களும் இருக்க வேண்டுமென்பது இந்நிலையங்களின் அமைப்பு. ஆகவே, ஒவ்வொன்றும் ஒரு சிறிய பல துறை நிலையமேயாகும்.

அங்கே செல்பவர் ஓர் இலையைக் கிள்ளி எடுத்துச் செல்வதால் பயனில்லை. நோயுற்ற செடியை வேரோடு எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். பக்கத்திலுள்ள நல்ல செடி ஒன்றும் வேண்டும். நெல் வயலாயின், பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து, கால் பங்கிட்டுக் குறைத்து, அரைக் கிலோ அளவு கொண்டுசெல்லுதல் நலம். பாசன நீர் ஒரு புட்டியும், விதைத்த நாள், இட்ட உரம், தெளித்த மருந்து ஆகியவற்றைக் குறித்த சீட்டு ஒன்றும் உடனிருத்தல் வேண்டும். பனிப்புயலில் வந்த விவசாயி மாடு, இரத்தம், தீவனம் மூன்றையும் கொண்டுவந்தமையாலேயே விடைக்கு வழி பிறந்தது என்பதை மறவாதிருப்போமாக.

கிராம அதிகாரிகள் செய்யத் தக்க உதவியும் உண்டு. ஒரே விதமான நோய் பல வயல்களில் தோன்றினால், சர்வே எண், பரப்பு, நீர் வரும் வாய்க்கால் இவற்றைக் குறித்து ஒரே விண்ணப்பமாகச் சேர்த்து அனுப்பலாம். தனித்தனியே பத்துப் பேர் கேட்கும் கேள்வி பத்துத் துறைகளில் சிதறும். ஊராகக் கேட்கும் கேள்வியைத் தட்டிக் கழிப்பது எளிதன்று.

சர்வகலாசாலையார்க்கு நாம் வேண்டிக்கொள்வது இதுவே. எந்தத் துறைக்குரியது என்று தெரியாத கேள்வியையும் ஏற்றுக்கொள்ள ஒரு வாயிலும், அதனைப் பதிந்துகொள்ள ஒரு புத்தகமும், விடைக்குப் பொறுப்பாளியான ஓர் அதிகாரியும் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வந்த கேள்விகள் எத்தனை, விடை பெற்றவை எத்தனை, நிலுவையிலிருப்பவை எத்தனை என்று வெளியிடட்டும். அக்கணக்கு வெளிவருமாயின், பொதுப் பணம் எவ்வளவு பலன் தந்தது என்பதை மிராசுதாரர்களே படித்து அறிந்துகொள்வார்கள்.