ராஜ் ராஜரட்ணம்: பெருமைக்கும் பழிக்கும் நடுவில் விடுபட்ட கணக்கு

2009 ஒக்டோபர் 16, வெள்ளிக்கிழமை. மறுநாள் தீபாவளி. வெள்ளவத்தை காலி வீதியில் புடவைக்கடைகள் வழமைபோலத் திறந்திருந்தன. ஆனால் எங்களில் பலருக்கு அந்த வருடம் பண்டிகை இருக்கவில்லை. எங்கள் சொந்தக்காரர் செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அன்றிரவு வெளிநாட்டுக் காசு மாற்றும் கடையொன்றில் நான் நின்றிருந்தபோது, தொலைபேசியை வைத்துவிட்டு முதலாளி சொன்னார்: “நியூயோர்க்கில எங்கட ஆள் ஒருத்தரைப் பிடிச்சிட்டாங்களாம். பெரிய கோடீஸ்வரராம்.”

பிடிபட்டவர் ராஜ் ராஜரட்ணம். அமெரிக்காவின் ‘கலியன்’ என்ற முதலீட்டு நிதியத்தின் நிறுவனர். போர்ப்ஸ் சஞ்சிகை அந்த வருடம் அவருடைய சொத்தை 130 கோடி டொலர் என்று கணித்திருந்தது. கொழும்புப் பங்குச் சந்தையில் அவர் பெரிய வெளிநாட்டு முதலீட்டாளர் என்பதால், அடுத்த வாரத் தொடக்கத்தில் இங்கும் பங்குகள் சரிந்தன. தெற்கின் ஊடகங்களில் ஒரு பகுதிக்கு அவர் ‘புலிகளுக்குக் காசு கொடுத்தவர்’. எங்களில் ஒரு பகுதியினருக்கு அவர் ‘தமிழன் என்பதால் பழிவாங்கப்பட்டவர்’.

இரண்டு கதைகளையும் பல வருடங்களாகக் கேட்டுவிட்டேன். இரண்டிலுமே போரில் எல்லாவற்றையும் இழந்த சனத்துக்கு வேண்டிய கேள்வி இல்லை. அவர் எப்படி எழுந்தார், அவருடைய பணம் எங்கெல்லாம் போனது, அதிலிருந்து எங்களுக்கு என்ன பாடம் என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்க்கலாம்.

எந்தக் கொழும்புத் தமிழர்?

ராஜரட்ணம் 1957இல் கொழும்பில் பிறந்தார். தனிச் சிங்களச் சட்டம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அடுத்த வருடமே 1958 கலவரம். ஆனால் அவருடைய வீட்டு நிலைமை வேறு. தந்தை சிங்கர் தையல் இயந்திரக் கொம்பனியின் தெற்காசியப் பொறுப்பை வகித்தவர். மகன் படித்தது கொள்ளுப்பிட்டியில், புனித தோமையர் ஆரம்பப் பாடசாலையில்.

கொழும்பில் தமிழராக இருப்பது ஒரே அனுபவம் அல்ல. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தையும் புறக்கோட்டைக் கடைகளையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன. மலையகத்திலிருந்து வேலை தேடி வந்தவர்களும் அங்கேதான் தங்கினார்கள். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுதுவினைஞர்கள், ஆசிரியர்கள், அரசாங்க உத்தியோகத்தர்கள். கொள்ளுப்பிட்டி, கறுவாத்தோட்டப் பக்கம் ஆங்கிலம் பேசும், கொம்பனிகளை நடத்தும் சிறு கூட்டம். ராஜரட்ணம் வந்தது அந்தக் கடைசி வட்டத்திலிருந்து.

1971இல், அவருக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது, குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. அதே 1971இல்தான் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் நடைமுறைக்கு வந்தது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழி மாணவருக்கு 227 புள்ளிகள் போதும். தமிழ் மொழி மாணவருக்கு 250 வேண்டும். அந்த இருபத்து மூன்று புள்ளிகளுக்குள் எத்தனை இளைஞருடைய வாழ்க்கை திசைமாறியது என்பது உங்களுக்குத் தெரியும். ராஜரட்ணம் லண்டனில் டல்விச் கல்லூரியில் படித்து, சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றார்.

பிறகு அமெரிக்கா. 1983இல் பென்சில்வேனியாவின் வார்ட்டன் கல்லூரியில் வணிக நிர்வாக முதுமாணிப் பட்டம் முடித்தார். அந்த வருடம் ஜூலையில் வெள்ளவத்தை வீடுகள் எரிந்தன. சனம் அகதி முகாம்களிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனது. அதற்குப் பிறகு காணி விற்று, நகை அடகு வைத்து, ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போன தலைமுறையும் ‘புலம்பெயர் தமிழர்’. பன்னிரண்டு வருடம் முன்னர் தந்தையின் உத்தியோக பலத்தோடு போனவரும் ‘புலம்பெயர் தமிழர்’. ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போடும்போது, ‘முயன்றால் எங்கட பிள்ளையளும் அப்பிடி வரலாம்’ என்ற பாதிப் பொய் பிறக்கிறது. அவருடைய திறமையை நான் குறைக்கவில்லை. அந்தத் திறமைக்கு எழுந்து நிற்க ஒரு தரை கிடைத்தது என்பதைச் சொல்கிறேன்.

தகவலே சரக்கு

வார்ட்டன் முடித்ததும் சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் வேலை. 1985இல் நீடம் என்ற சிறிய முதலீட்டு வங்கியில் ஆய்வாளராகச் சேர்ந்தார். இலத்திரனியல் கொம்பனிகள்தான் அவருடைய துறை. கணினிச் சில்லு செய்யும் கொம்பனியில் எத்தனை ஓடர் வந்திருக்கிறது, களஞ்சியத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது, அடுத்த மூன்று மாதக் கணக்கு எப்படி வரும் என்று விசாரிப்பதே அந்த வேலை. பொறியியல் படித்தவருக்கு அது கைவந்தது. 1991இல் நீடமின் தலைவரானார். 1997இல் கூட்டாளிகளோடு சேர்ந்து கலியனைத் தொடங்கினார். கலியன் என்றால் ஸ்பானியரின் பழைய பாய்க்கப்பல். 2008இல் அந்தக் கப்பலில் 700 கோடி டொலர் வரை ஏறியிருந்தது.

தொழில்நுட்பப் பங்குகளில் மற்றவருக்கு முன்னர் அறிந்தவரே வெல்கிறார். விசாரித்து, ஒப்பிட்டு, ஊகித்து அறிந்தால் அது ஆய்வு. கொம்பனிக்குள் இருப்பவர் இரகசியமாகச் சொல்லி, அதை வைத்து வாங்கி விற்றால் அது குற்றம். அவர் இந்தக் கோட்டைத் தாண்டினார் என்பதுதான் வழக்கு.

ஒரு உதாரணம் போதும். 2008 செப்டெம்பர் 23, உலக நிதி நெருக்கடியின் உச்சம். வொரன் பஃபெட்டின் நிறுவனம் கோல்ட்மன் சாக்ஸ் வங்கியில் 500 கோடி டொலர் முதலிடப்போகிறது. பணிப்பாளர் சபை அதை அங்கீகரித்த கையோடு, சபை உறுப்பினர் ரஜத் குப்தா ராஜரட்ணத்துக்குத் தொலைபேசி எடுத்தார். சந்தை மூடச் சில நிமிடங்களே இருந்த நேரத்தில் கலியன் கோல்ட்மன் பங்குகளை வாங்கியது. வெளியில் செய்தி வந்தது அதற்குப் பிறகுதான்.

அவருடைய தொலைபேசி உரையாடல்களை அதிகாரிகள் நீதிமன்ற அனுமதியோடு பதிவுசெய்திருந்தார்கள். 2011 மே 11 அன்று 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று ஜூரி தீர்ப்பளித்தது. ஒக்டோபரில் பதினொரு வருடச் சிறை. ஒரு கோடி டொலர் தண்டம். 5 கோடி 38 இலட்சம் டொலர் பறிமுதல். இவற்றுக்கு மேலாகச் சிவில் வழக்கில் 9 கோடி 28 இலட்சம் டொலர். குப்தாவும் 2012இல் தண்டிக்கப்பட்டார். ராஜரட்ணம் 2019இல் வீட்டுக் காவலுக்கு மாற்றப்பட்டார். 2021இல் வெளியிட்ட நூலில் தனக்கு அநீதி நடந்ததாக வாதிடுகிறார். அது அவருடைய உரிமை. ஆனால் வழக்குத் தொடுத்த பிரீத் பராரா இந்தியாவில் பிறந்தவர். கூடச் சிக்கிய குப்தாவும் இந்தியர். தண்டனைக்கு ஆதாரம் பதிவான குரல்கள். ‘தமிழன் என்பதால்’ என்ற விளக்கம் இந்த வழக்கில் நிற்காது.

நன்கொடை எதை வாங்கித் தந்தது?

அமெரிக்கத் தேர்தல் ஆவணங்களில் ராஜரட்ணத்தின் பெயர் பலமுறை வருகிறது. பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்காரர்: ஒபாமா, ஹிலரி கிளின்டன், நியூயோர்க் செனட்டர் சக் ஷூமர். அப்போதைய சட்டப்படி ஒரு தனியாள் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 2,300 டொலர் வரைதான் கொடுக்கலாம். கட்சிகளின் தேசியக் குழுக்களுக்கு 28,500 டொலர் வரை கொடுக்கலாம். கோடீஸ்வரருக்கு இவை சில்லறை. அதற்குக் கிடைப்பது ஒரு விருந்து, ஒரு கைகுலுக்கல், தொலைபேசி எடுத்தால் ஒருவர் பேசுவார் என்ற நம்பிக்கை. வோல் ஸ்ட்ரீட்டில் பலரும் இப்படிக் கொடுக்கிறார்கள். அவற்றைத் தமிழருக்கான நன்கொடைகள் என்று எண்ணுவது எங்கள் ஆசை.

அந்த ஆசை எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை நான் நேரில் கண்டேன். 2009 சித்திரையில் வெள்ளவத்தையில் கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில் கதைத்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: “அங்கை எங்கட பெரிய ஆக்கள் ஒபாமாவோடை கதைக்கினம். கப்பல் வரும்.” நானும் நம்பினேன். மே 13 அன்று ஒபாமா பேசினார். அரசாங்கம் கண்மூடித்தனமான எறிகணை வீச்சை நிறுத்த வேண்டும், புலிகள் ஆயுதத்தைக் கீழே வைத்துச் சனத்தை விட வேண்டும் என்றார். ஐந்து நாளில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. கப்பல் வரவில்லை.

ஒரு பணக்காரரின் நெருக்கம் ஒரு சனத்தின் அரசியல் ஆகாது. அவருடைய நன்கொடை அவருக்குத் தெரிந்தவர்களை வாங்கித் தரலாம். வாக்காக, அமைப்பாக, வெளிப்படையான கோரிக்கையாகத் திரளாத சமூகத்துக்கு அது எதையும் வாங்கித் தராது.

சுனாமிக் காசு

2004 டிசம்பர் 26 அன்று ராஜரட்ணம் இலங்கையில் இருந்தார். அதன்பின் நிவாரணத்துக்குப் பெருந்தொகை திரட்டினார். பல இலட்சம் டொலர் கொடுத்தார். அதில் ஒரு பகுதி தமிழர் புனர்வாழ்வுக் கழகத்துக்குப் போனது.

அந்த நேரத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். சுனாமி உதவியை அரசும் புலிகளும் சேர்ந்து பகிர்வதற்கான பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தம் 2005 ஜூன் 24 அன்று கைச்சாத்தானது. மூன்று வாரத்தில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அரச வழி அடைபட்டபோது தனியார் வழியே காசு ஓடியது. 2006இல் இலங்கை மத்திய வங்கி புனர்வாழ்வுக் கழகத்தின் கணக்குகளை முடக்கியது. 2007 நவம்பரில் அமெரிக்கா அதைப் புலிகளின் முன்னணி அமைப்பு என்று சொல்லி அங்கிருந்த சொத்துகளையும் முடக்கியது. ராஜரட்ணம் கைதான அதே மாதம், புலிகளின் குண்டுவெடிப்புகளில் பாதிக்கப்பட்டவர்கள் நியூ ஜெர்சியில் அவர்மீதும் தந்தைமீதும் சிவில் வழக்குத் தொடுத்தார்கள். தான் கொடுத்தது மனிதாபிமான உதவிக்கே என்பது அவர் தரப்பு. புலிகள் தொடர்பில் அவர்மீது குற்றவியல் வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. கைதாவதற்குச் சற்று முன்னர்தான், முன்னாள் போராளிகளின் புனர்வாழ்வுக்குப் பத்து இலட்சம் டொலர் தருவதாக அறிவித்திருந்தார்.

2010இல் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் முல்லைத்தீவுக் கரையோரத்து அம்மா ஒருவரைச் சந்தித்தேன். தடுப்பில் இருந்த மகனைத் தேடி வந்திருந்தார். சுனாமியில் வீடும் ஒரு பிள்ளையும் போனது. போரில் மிச்சமும் போனது. பேச்சு நிவாரணப் பக்கம் திரும்பியபோது அவர் சொன்னார்: “எங்கட பேரைச் சொல்லித்தானே தம்பி உலகமெல்லாம் காசு சேர்த்தவை. எவ்வளவு வந்தது, எங்கை போனது எண்டு எங்களுக்கு ஆர் சொன்னவை?”

கொடுத்தவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் சொல்லவில்லை, முடக்கியவரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கக் கணக்கு

ராஜரட்ணத்தின் அரசியல் நன்கொடைகளை எந்த அமெரிக்கரும் பெயரைத் தட்டி, திகதியோடும் தொகையோடும் பார்க்கலாம். எங்கள் கட்சிகளுக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் காசை யாரால் அப்படிப் பார்க்க முடியும்? 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கட்சிகளும் வேட்பாளரும் பெற்ற நன்கொடைகளையும் செய்த செலவுகளையும் காட்ட வேண்டும் என்கிறது. அந்த அறிக்கைகளைத் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கேட்டுப் பார்வையிடும் பழக்கம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. தேர்தல் இல்லாத காலத்தில் வரும் காசுக்கோ அந்தச் சட்டமே இல்லை.

ஆட்சிக்கு வரும் ஒவ்வொரு அரசாங்கமும் புலம்பெயர் முதலீட்டாளரை வா என்கிறது. எங்கள் தலைவர்களும் ‘பெரிய ஆள் ஒருவர் வருகிறார்’ என்று நம்பிக்கை தருகிறார்கள். வரட்டும். வடக்கு கிழக்குக்கு வேலையும் முதலும் வேண்டும். ஆனால் வருபவரிடமும், அவரைக் கூட்டி வருபவரிடமும் இரண்டு கேள்வி கேட்போம்: எவ்வளவு? யாருக்குக் கணக்குக் காட்டுவீர்கள்?

அப்படிக் கேட்டால் ‘உதவ வந்தவரைச் சந்தேகப்படுவதா’ என்பார்கள். அன்று வெள்ளவத்தைக் கடையில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ‘எங்கட ஆள்’ என்றதோடு கேள்வி முடிந்துவிட்டது. கொட்டாஞ்சேனை அம்மாவின் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.