குளத்தூரும் கொளத்தூரும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்று குளத்தூர். பேச்சில் அது கொளத்தூர், எழுத்தில் குளத்தூர். சென்னையிலும் சேலம் மாவட்டத்திலும் உள்ள ஊர்களுக்கோ கொளத்தூர் என்பதே எழுத்துப் பெயராகவும் நிலைத்துவிட்டது. குளத்தால் பெற்ற பெயரில் இன்று குளத்தைக் காணோம்!

இவ்வொலிப்பைக் கொச்சையென்று இகழ்வார் உளர். நாம் இகழோம், நாவுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. சொன்முதலில் குறிலாய் நிற்கும் இகர உகரங்களை அடுத்து, ஒற்றை மெய்யின்மேல் அகரமோ ஐகாரமோ வருமாயின், பேச்சில் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் தாழும். இலை எலையாகும், விலை வெலையாகும், உடம்பு ஒடம்பாகும். மேலுயர்ந்து நிற்கவேண்டிய நா, அடுத்து வரும் அகரத்தை நோக்கி முன்னரே இறங்கத் தொடங்குவதே கரணியம். அகரம் தொடராவிடத்து இம்மாற்றமும் இல்லை. புதுக்கோட்டையைப் பொதுக்கோட்டை என்பார் யார்? குடுமியான்மலை கொடுமியான்மலை ஆயிற்றா? குப்பையையும் சின்னத்தையும் இடையில் இரட்டித்த மெய் காத்து நிற்கிறது. ஏட்டைத் தொடாத நம் பாட்டிமார் இவ்வொழுங்கில் ஒருநாளும் வழுவியதில்லை.

உருசிய மொழியிலும் உயிர்கள் இவ்வாறு நெகிழும்; ஆயின் அங்குக் கரணியம் வேறு. சொல்லில் ஓர் அசையே வல்லழுத்தம் பெறும். அழுத்தம் பெறாத ஒகரம் அகரச் சாயலாகிவிடும். தம் தலைநகரை மொசுக்குவா என்றெழுதி மசுக்குவா என்பர். பாலை மொலொக்கோ என்றெழுதி மலக்கோ என்பர். நீரைக் குறிக்கும் சொல் எழுத்தில் வொதா, ஒலிப்பில் வதா. அதன் பன்மையிலோ அழுத்தம் முன்னசைக்குப் பெயர்வதால் ஒகரம் முழுமையாய் ஒலிக்கும். அங்கே பள்ளிப் பிள்ளைக்கு எழுத்தில் ஐயம் எழுந்தால், அழுத்தம் அவ்வுயிரின்மேல் விழும் உறவுச் சொல்லைத் தேடித் தெளியப் பழக்குகின்றனர். அண்டையிலுள்ள பெலாருசியரோ மலக்கோ என்றே எழுதியும் விட்டனர். நம் இனத்துக் கன்னடமும் எலெ, கொடெ, ஒடல் என்றே எழுதுகிறது.

தமிழ் எவ்வழிச் செல்வது? வாழைக்குலை பேச்சில் கொலையாகிறது, குடை கொடையாகிறது. பேச்சில் இடம் நோக்கிப் பொருள் கொள்வோம். ஏட்டிலும் அவ்வாறே எழுதினால் குலையையும் கொலையையும் பிரித்தறிவது எங்ஙனம்?

எழுத்து நாவின்பின் சென்றதே இல்லையா என்றால், உண்டு. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துப் பழந்தமிழ்க் கல்வெட்டு, இளையர் என்பதை 'இளயர்' என்று பொறித்திருக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதனைக் கி.மு. முதல் நூற்றாண்டினது எனக் கணித்தார். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்பே ஐகாரம் குறுகியதற்கு இம்மண்ணின் கல்லே சான்று. அச்சொல்லின் முதலில் உள்ள இகரமோ எகரமாகாமல் இகரமாகவே நிற்கிறது, இதனையும் நோக்குக. நம் இலக்கணிகள் குறுக்கத்தை மறைக்கவில்லை. நன்னூலார் ஐகாரக்குறுக்கத்தைச் சார்பெழுத்துப் பத்தனுள் ஒன்றாகவே வைத்தார். ஒலி குறுகும் என்றனரேயன்றி, எழுத்தை மாற்றுக என்றாரில்லை. 1978-இல் 13 எழுத்துகளின் வடிவை மாற்றிய அரசாணையும் ஐகாரத்தை 'அய்' ஆக்கவில்லை.

எழுத்தைக் கைவிட்டால் விளைவது யாதென்பதைத் திருமயத்திற் காண்க. திருமங்கையாழ்வார் பாடிய ஊர் திருமெய்யம். மெய் என்பதன் பொருளையே வடமொழியில் சத்தியகிரி என்றனர். எகரம் அகரமாகி, யகரமும் ஒன்று தேய்ந்து, அரசேடுகளில் திருமயம் ஏறிவிட்டது. இன்று தமிழ்ப்பெயர் பொருளிழந்து கிடக்க, வடமொழிப் பெயர் பொருளோடு நிற்கிறது!

2020 சூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழொலிக்கேற்ப மாற்றும் ஆணை வெளிவந்து, சில நாள்களிலேயே மீளப் பெறப்பட்டது. ஆங்கில வடிவுக்குக் காட்டிய அக்கறையைத் தமிழ் வடிவுக்கும் காட்டுமாறு அரசைக் கேட்கிறோம்: திருமெய்யம் என்னும் பெயர் ஊர்ப்பலகையில் மீளவேண்டும். ஆசிரியப் பெருமக்களையும் கேட்கிறோம்: எலை என்ற பிள்ளையைக் கடியாதீர்கள், இலை எலையாகும் ஒழுங்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். குளத்தூர்ப் பள்ளிகளிலிருந்தே தொடங்கலாம்.