டீசல் விலை ஏறிய ஆண்டில் பழைய பிக்அப் வாங்குவது: கணக்கும் கவனமும்

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை ஒரே இரவில் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. சபா, சரவாக், லாபுவானில் மட்டும் பழைய விலை நீடித்தது. அதன் பிறகு உலகச் சந்தையை ஒட்டி விலை சிறிது சிறிதாக இறங்கி, 2024 முடிவில் 2 ரிங்கிட் 95 சென்னில் நின்றது. ஆனாலும் "டீசல் வண்டி இனி கட்டுப்படியாகாது" என்ற பேச்சு தோட்டத்துக் கடை முதல் பட்டணத்துப் பட்டறை வரை ஓயவில்லை. அந்தப் பேச்சை நம்பி வண்டியைத் தள்ளிவிட நினைப்பவர் ஒரு பக்கம், விலை இறங்கும் என்று காத்திருந்து பழைய ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைட்டன் தேடுபவர் மறுபக்கம்.

தேடுகிறவர்களில் நம்மவர்கள் கணிசம். செம்பனைக் குலை ஏற்றும் சிறு குத்தகைக்காரர், புல் வெட்டும் வேலை எடுப்பவர், கோயில் திருவிழாக்களுக்குப் பந்தல் போடுபவர், வயரிங் வேலைக்காரர் எல்லாருக்கும் பிக்அப்தான் பிழைப்பு. இவர்கள் புதிய வண்டி வாங்கும் நிலையில் இல்லை. பழையதில் தவறாக ஒன்றை எடுத்துவிட்டால், ஐந்தாறு ஆண்டுத் தவணையும் பட்டறைச் செலவும் சேர்ந்து குடும்பத்தையே சாய்த்துவிடும்.

முதலில் எண்ணெய்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடும் ஒரு பிக்அப், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் 250 லிட்டர் குடிக்கும். பழைய விலையில் அது 537 ரிங்கிட் 50 சென். 2024 முடிவில் இருந்த விலையில் 737 ரிங்கிட் 50 சென். கூடுதல் சரியாக 200 ரிங்கிட். 2024இல் அரசாங்கம் புடி மடானி திட்டத்தில் தகுதியுள்ள தனிநபருக்கு மாதம் கொடுத்ததும் 200 ரிங்கிட்தான். ஆக, அளவாக ஓட்டுபவருக்கு அந்த விலையில் இழப்பு பெரிதாக இல்லை. 2024 ஜூன் மாத விலையில் அதே ஓட்டத்துக்கு நூறு ரிங்கிட் கையிலிருந்து போனது. மாதம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடுபவர் கதை வேறு; அவர் இந்தக் கணக்கைத் தம் ஓட்டத்துக்கு ஏற்ப மறுபடி போட வேண்டும்.

அந்த 200 ரிங்கிட் யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டி சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் தனிநபர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். சாலை வரி உயிரோடு இருக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்த ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. கம்பெனி பெயரில் இருக்கும் வண்டிக்குத் தனிநபர் உதவி கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட வகைச் சரக்கு வாகனங்களுக்கு 2024இல் ஃப்ளீட் கார்டு வழி 2 ரிங்கிட் 15 சென்னுக்கு டீசல் கிடைத்தது; அதற்கு வேறு விண்ணப்பம், வேறு நிபந்தனை. எனவே வாங்கும்போதே யார் பெயரில் பதிவு செய்வது என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் 'சம்போங் பாயார்' பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பணம் கொஞ்சம் கொடுத்துவிட்டு, இன்னொருவர் பெயரில் உள்ள வங்கித் தவணையைத் தொடர்ந்து கட்டும் இந்தப் பழக்கம் இளைஞர்களிடையே சர்வசாதாரணம். வங்கியின் சம்மதம் இல்லாமல் இப்படி வண்டியைக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்துக்குப் புறம்பானது. சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. தவணை கட்டுவது நீங்கள், புடி மடானி பணம் போவது பதிவில் உள்ளவருக்கு. விபத்து நடந்தால் காப்புறுதியும் அவர் பெயரில். அவர் வேறு கடனில் சிக்கினாலோ, நீங்கள் கொடுத்த தவணையை வங்கியில் கட்டாமல் விட்டாலோ, ஒரு நாள் காலையில் வண்டி வாசலில் இருக்காது. போலீசில் புகார் கொடுக்கவும் வாய் வராது. மலிவாகக் கிடைக்கும் பிக்அப்களில் இந்த வகை நிறைய உண்டு. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சரி, முறையான கிராண்டோடு ஒரு வண்டி வந்திருக்கிறது. எதைப் பார்ப்பது?

தோட்டத்தில் உழைத்த வண்டி என்றால் பானெட்டைத் திறப்பதற்கு முன் கீழே குனிந்து பாருங்கள். உரமூட்டை ஏற்றிய வண்டியை உரமே தின்றுவிடும். யூரியாவும் பொட்டாஷும் சிந்தி, மழையில் கரைந்து, பின்தொட்டியின் அடியிலும் சேசிஸ் இடுக்கிலும் தங்கி இரும்பை அரிக்கும். மேலே புதுச் சாயம் பளபளக்கும். அடியில் சுத்தியலால் மெல்லத் தட்டினால் துரு பொடிப்பொடியாக உதிரும். குலை ஏற்றிய வண்டியில் பின் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பட்டை நிமிர்ந்து தட்டையாகக் கிடந்தாலும் அதுவேதான். கேபினுக்குப் பின்னால் சேசிஸ் வளையும் இடத்தில் வெடிப்போ, வெல்டிங் தழும்போ தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்சை மாற்றலாம்; முறிந்த முதுகெலும்பை என்ன செய்வது?

அடியிலேயே இருக்கும்போது எண்ணெய்த் தொட்டியையும் பார்த்துவிடுவது நல்லது. இரண்டாவது தொட்டி பொருத்திய அடையாளமோ, வழக்கத்துக்கு மாறான குழாயோ இருந்தால் அந்த வண்டி எதற்குப் பயன்பட்டது என்று கேட்க வேண்டும். மானிய டீசல் கடத்தப்படுவதைத் தடுக்கத்தான் இந்த விலை மாற்றமே வந்தது என்பது நினைவிருக்கட்டும்.

இன்ஜினைப் பொறுத்தவரை ஒரு நிபந்தனை போதும்: போய்ப் பார்க்கும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே முடுக்கிச் சூடாக்கி வைத்திருந்தால், "நாளைக் காலையில் வருகிறேன்" என்று திரும்பிவிடலாம். டீசல் இன்ஜினின் நோய்கள் எல்லாம் முதல் முடுக்கில்தான் வெளியே வரும். உடனே பிடிக்காமல் இழுத்தடித்தாலோ, வெண்புகை நெடுநேரம் நின்றாலோ இன்ஜெக்டர் மீது சந்தேகம் கொள்ளலாம். நீலப் புகை என்றால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது. மிதிக்கும்போது கரும்புகை கொட்டினால் காற்றும் எண்ணெயும் ஒத்துப்போகவில்லை. டர்போவோ, கரி அடைத்த இஜிஆரோ, அழுக்கேறிய வடிகட்டியோ காரணமாக இருக்கலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான காற்று வருவது இயல்பு. புகைபோக்கி போல் குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அது ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் வேலை.

டைமிங் பெல்ட் விஷயத்தில் ரகம் பார்த்துக் கேட்க வேண்டும். 2015 வரை வந்த வீகோ ரக ஹைலக்சிலும், பழைய 2.5 டிரைட்டனிலும் பெல்ட்தான். ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றியாக வேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும்.

இன்னொன்று, நாம் உழைக்கும் செம்பனையே சம்பந்தப்பட்டது. நம் நாட்டு டீசலில் செம்பனை பயோடீசல் கலக்கிறார்கள். பயோடீசல் ஈரத்தை அதிகம் இழுக்கும். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டி என்றால் தொட்டியிலும் வடிகட்டியிலும் நீர் சேர்ந்திருக்கும். வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்தால் நீர் கீழே பிரிந்து நிற்பது தெரியும். அந்த நீர்தான் இன்ஜெக்டரைக் கொல்கிறது.

வெள்ள வண்டியை மறக்க முடியாது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மூழ்கிய வாகனங்கள் எத்தனை என்பதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் இறுதியில் கிளந்தானும் திரெங்கானுவும் மிதந்தன. அந்த வண்டிகளில் சில கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாநிலத்தில் விற்பனைக்கு நிற்கலாம். இருக்கைக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டம், சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் தெரியும் கடைசிப் பகுதி, ஃபியூஸ் பெட்டியின் மூலை ஆகிய இடங்களில் சேற்றுக் கறை ஒளிந்திருக்கும். முன் டிஃபரென்ஷியல் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நாற்சக்கர இயக்கத்தையும் மண் தரையில் போட்டுப் பார்க்க வேண்டும். பலர் அந்தப் பொத்தானைத் தொடாமலே வாங்கிவிடுகிறார்கள்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்புவதற்கில்லை. அதைக் குறைத்து வைப்பது சுலபம். பெடல் ரப்பர், ஸ்டீரிங், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் மூன்றும் தேய்ந்திருக்க, மீட்டர் எண்பதாயிரம் காட்டினால் அது பொய். சர்வீஸ் புத்தகம் இருந்தால் அதிலுள்ள பட்டறைக்கே போன் போட்டுக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பணம் எப்படித் திரட்டுவது என்பதும் வண்டியைப் போலவே பார்க்க வேண்டிய ஒன்று. 30,000 ரிங்கிட் கடனை ஐந்தாண்டுக்கு 5 விழுக்காடு நிலை வட்டியில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 7,500. மாதத் தவணை 625. காதுக்கு 5 விழுக்காடாகக் கேட்டாலும், கடன் குறையக் குறைய முழுத் தொகைக்கே வட்டி போடுவதால் உண்மையில் அது ஏறக்குறைய 9 விழுக்காடு. வண்டியின் வயது கூடக் கூட வங்கி தயங்கும், தவணைக் காலம் சுருங்கும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டானது. அந்தச் சம்பளத்தில் 625 தவணையும் 700க்கு மேல் டீசலும் எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். வண்டி சம்பாதித்துக் கொடுக்கும் வேலை கையில் இல்லாமல் வெறும் ஆசைக்குப் பிக்அப் எடுப்பது இந்த விலையில் அசட்டுத்தனம். டீசலை விட்டுப் பெட்ரோலுக்கு ஓட நினைப்பவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2024இல் 2 ரிங்கிட் 5 சென்னில் இருந்த ரோன்95 மானியமும் 2025 நடுவில் இலக்கிடப்படும் என்று 2024 அக்டோபர் 18 வரவுசெலவுத் திட்டத்தில் பிரதமர் அறிவித்தார்.

எல்லாம் திருப்தி என்றால் பணம் கைமாறுவதற்கு முன் புஸ்பாகோம் சோதனை. அங்கே சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் கிராண்டோடு ஒத்துப்பார்க்கப்படும். வெட்டி ஒட்டிய வண்டியும் போலி எண் வண்டியும் பெரும்பாலும் இங்கே மாட்டிக்கொள்ளும். போலீஸ், ஜேபிஜே சம்மன் பாக்கி இருந்தால் விற்பவர் கட்டி முடிக்க வேண்டும். பழைய வங்கிக் கடன் தீர்ந்ததற்கான கடிதமும் அவர் கையில் இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு விற்பவரும் வாங்குபவரும் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்பதால், "நீங்கள் போங்கள், நான் பிறகு வருகிறேன்" என்பவரிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டாம். பதிவு உங்கள் பெயருக்கு வந்து, சாலை வரியும் எடுத்த பிறகு, தகுதியுள்ளவர்கள் அந்த வாரமே புடி மடானிக்கு விண்ணப்பித்துவிடலாம்.