அட்மின்/அட்மின் – வாசலைத் திறந்து போட்டுட்டு கேமரா மாட்டுறவங்களுக்கு

ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்குப் பாதுகாப்பு வேணும்னு நாலு கேமரா மாட்டிக் கொடுத்துவிட்டு, லண்டனிலும் துபாயிலும் சிட்னியிலும் உட்கார்ந்து மொபைலில் பார்த்துப் பூரித்துக் கொண்டிருக்கிற பிள்ளைகள் எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. திட்டத்தான் கூப்பிடுகிறேன்.

நம்ம தங்கவயலையே எடுத்துக் கொள்வோம். ராபர்ட்சன்பேட்டையோ, ஆண்டர்சன்பேட்டையோ, மாரிக்குப்பமோ, பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற வீடு என்றால் வாசலிலேயே தெரிந்துவிடும். இரும்பு கேட், அதுக்கு மேல கேமரா, வராண்டாவில் ஒன்று, கூடத்தில் ஒன்று, கொல்லைப் பக்கம் ஒன்று. இத்தனைக்கும் நடுவில் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து போய், தூசி படிந்து ஒரு சின்னப் பொட்டி பச்சை விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கும். அதுதான் ரூட்டர். வீட்டுக்குள் வருவதும் வெளியே போவதும் அது வழியாகத்தான். அதற்குக் கடவுச்சொல் என்னவென்று கேட்டுப் பாருங்கள். வைஃபை கடவுச்சொல்லைச் சொல்வார்கள். அது இல்லைங்க, பொட்டிக்குள்ளே நுழைகிற கடவுச்சொல். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்பார்கள். இருக்கு. பெரும்பாலும் அட்மின், அட்மின்.

கேமரா மாட்ட வருகிற பையனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவனுக்கு அன்றைக்கு இன்னும் மூன்று வீடு இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் மொபைலில் படம் தெரிந்தால் காசு, தெரியாவிட்டால் தகராறு. அதனால் ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து கேமராப் பொட்டிக்கு நேராகத் திருப்பி விடுகிறான். படம் வந்துவிடுகிறது. உங்களுக்கு வருகிற அதே வழியில், தட்டிப் பார்க்கத் தெரிந்த உலகத்தார் எல்லாருக்கும் வரும். திறந்த போர்ட்டைத் தேடி இருபத்திநாலு மணி நேரமும் இணையம் முழுக்கச் சல்லடை போடுகிற நிரல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு லண்டனும் ஒன்றுதான், ஆண்டர்சன்பேட்டையும் ஒன்றுதான்.

பயமுறுத்துகிறேன் என்று நினைப்பவர்கள், 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறையில் இருந்த கேமராப் பதிவுகள் யூட்யூபிலும் டெலகிராமிலும் வந்துவிட்டன. காசுக்கு விற்றிருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு இதில் என்ன பங்கு? பாதுகாப்புக்கென்று யாரோ மாட்டிய கேமரா, அவ்வளவுதான். கூடத்தில் உங்கள் அம்மா மதியம் பாய் விரித்துப் படுக்கிற இடத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கிறதே, அதை நினைத்துக் கொண்டு மேலே படியுங்கள்.

"எங்க வீட்ல திருடுறதுக்கு என்ன இருக்கு?" இதுதான் எல்லாரும் சொல்கிற பதில். திருடனுக்கு உங்கள் பீரோ தேவையில்லை ஐயா, உங்கள் பொட்டியே போதும். 2016-ல் மிராய் என்று ஒரு தீநிரல் வந்தது. அதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. தொழிற்சாலையில் போட்டு அனுப்புகிற பெயர்-கடவுச்சொல் ஜோடிகள் சுமார் அறுபது அதன் கையில் இருந்தன. அதைக் கொண்டு ஊர் உலகத்துக் கேமராக்களையும் ரூட்டர்களையும் தட்டியது, திறந்ததையெல்லாம் அடியாளாகச் சேர்த்துக் கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அப்படிச் சேர்த்த பட்டாளம் டின் என்ற நிறுவனத்தின் மேல் பாய்ந்ததில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. யாரோ ஒரு பெரியவர் வீட்டுக் கேமராவும் அந்தக் கலவரத்தில் கல்லெறிந்திருக்கும். அவருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த மாதமே ஜெர்மனி. டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் ரூட்டர்கள் படுத்துக் கொண்டன. வழி 7547-ஆம் போர்ட். இணைப்பு தரும் நிறுவனம் தன் அலுவலகத்தில் இருந்தபடியே உங்கள் பொட்டியின் அமைப்புகளை மாற்றுவதற்கு வைத்துக் கொள்கிற கொல்லைப்புறக் கதவு அது. டிஆர்-069 என்பார்கள். கதவு வைப்பது தப்பில்லை, நிறுவனத்தின் சர்வர் மட்டும் தட்டும்படி வைக்க வேண்டும். ஊரே தட்டும்படி வைத்தால்?

2017 ஜூலையில் நம்ம பக்கம் நடந்தது நடக்கும். எட்டு மாதம் முன்னாடியே உலகத்துக்கே தெரிந்துபோன ஓட்டை. பிஎஸ்என்எல் மோடம்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கர்நாடக வட்டத்தில்தான் அடி பலம். 60,000 வரைக்கும் என்று செய்தி வந்தது, நிறுவனம் சொன்ன எண்ணிக்கை அதைவிட ரொம்பக் கம்மி. செய்தது நான்தான் என்று பிரிக்கர்பாட் என்ற தீநிரலை எழுதிய ஆசாமி உரிமை கொண்டாடினான். திருடுவதற்காக இல்லையாம். பாதுகாப்பில்லாத பொட்டிகளைக் கொன்றுவிட்டால் மிராய் மாதிரி ஆட்களுக்கு அடியாள் கிடைக்காதாம். இன்டர்நெட்டுக்குக் கீமோதெரபி என்று பெயர் வேறு வைத்தான். பேன் இருக்கிறதென்று தலையை வெட்டுகிற வைத்தியம்! நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன அறிவுரை, கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்பது. அறுபது வயதுப் பெரியவருக்கு, அவர் கேட்காமலே அட்மின் என்று வைத்துக் கொடுத்துவிட்டு, அடி விழுந்ததும் "நீங்க ஏன் மாத்தல?" என்று கேட்பது என்ன நியாயம்?

எனக்கு இதில் கோபம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வருவதற்கு ஊர்தான் காரணம். நம்ம ஊர்க்காரனுக்கு வாசல் சோதனை என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஷாஃப்ட்டை விட்டு மேலே வந்தால் தங்கத் துணுக்கு ஒளித்திருக்கிறானா என்று உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்து வெளியே விட்ட ஊர் அது. 1930-ல் தொழிலாளிகள் எல்லாரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி கிளம்பியபோது, வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைக்க வந்த நம்ம தாத்தாக்கள் மூன்று வாரம் சுரங்கத்தை நிறுத்திப் போட்டார்கள். என் விரலை எவன் பதிவது என்று கேட்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு. பேரப் பிள்ளைகள் நாம் வீட்டுக்குள்ளே கேமராவும் மைக்கும் வைத்து, அதன் சாவியை எவனிடமோ கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் வந்த ஊர், பெங்களூருக்கே அதற்கு அப்புறம்தான். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியதற்குப் பின் ஊரே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறது. அந்த ரயிலில் சர்வர் பார்க்கிறவன், நெட்வொர்க் பார்க்கிறவன், கோடு எழுதுகிறவன் எல்லாரும் இருக்கிறான். பகல் முழுக்க யாரோ வெள்ளைக்கார பேங்குக்கு ஃபயர்வால் கட்டிவிட்டு ராத்திரி வந்து படுக்கிற வீட்டில் அட்மின்/அட்மின். ஹூம்.

சரி, திட்டினது போதும். என்ன செய்யலாம்?

வழி இருபது வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. 2002 கடைசியில் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்று ஒரு நீலக் கறுப்பு ரூட்டர் வந்தது, பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். 2003-ல் சில பேர் அதைக் குடைந்து பார்த்தால் உள்ளே ஓடுவது லினக்ஸ். லினக்ஸின் உரிமத்தின்படி மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். கேட்டார்கள், நெருக்கினார்கள், வந்தது. அதை வைத்து 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. கம்பெனி சும்மா இருக்கவில்லை. 2005-ல் அதே மாடலின் ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு, நினைவகத்தையும் பாதியாக்கி விற்றது. அப்புறம் லினக்ஸ் வேண்டுமென்பவர்களுக்கென்று தனி மாடல் போட்டு அதற்கு விலையும் கூட்டி வைத்தது :-) அன்று நாலு பேர் பிடிவாதமாகக் கேட்டதால்தான் இன்று நூற்றுக்கணக்கான மாடல்களில் நமக்குச் சொந்தமான ஒரு ஃபயர்வாலை ஏற்ற முடிகிறது.

வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்கணும். 16 எம்பி ஃப்ளாஷ், 128 எம்பி ரேம் இருக்கிற பொட்டியாகப் பாருங்கள். 4/32 பழசுகள் இனி தேறாது. மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் பொட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண் மாறினால் உள்ளே சமாச்சாரமே வேறு. ஓப்பன்டபிள்யூஆர்டி பட்டியலில் அந்த எண் வரைக்கும் ஒத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 2024 நவம்பரில் அந்தத் திட்டக்காரர்களே ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்று சொந்தமாக ஒரு பொட்டி விட்டார்கள், 89 டாலர். ஏதாவது சொதப்பினாலும் மீட்டெடுக்கத் தனி ஃப்ளாஷ் வைத்திருக்கிறார்கள்.

ராஸ்பெரி பை போடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் நம்ம ஊர் கரண்டு தெரியுமில்லையா? பொசுக்கென்று போய் பொசுக்கென்று வரும், எழுதிக் கொண்டிருக்கும்போதே போனால் எஸ்டி கார்டு காலி. ரூட்டர் பொட்டியில் ஓப்பன்டபிள்யூஆர்டி தன் அடிப்படைக் கோப்புகளை எழுத முடியாத பகுதியில் வைத்துக் கொள்கிறது. கரண்டு நூறு முறை போனாலும் அது அப்படியே எழுந்து நிற்கும். கூட ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி வைத்துவிடுங்கள்.

பொட்டியை இங்கேயே அமைத்து, சோதித்து, பெட்டியில் போட்டு எடுத்துப் போங்கள். ஊருக்குப் போய் மூன்று நாள் கல்யாணத்துக்கு நடுவில் செய்யலாம் என்றால் நடக்காது. புதிதாக ஏற்றியதும் அதற்குக் கடவுச்சொல்லே இருக்காது, முதல் வேலையாக நீளமாக ஒன்று வையுங்கள். எஸ்எஸ்ஹெச்-க்குச் சாவி மட்டும், கடவுச்சொல் நுழைவை அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து வருவதை மறுப்பது அதன் இயல்பான அமைப்பு, அதில் கை வைக்காதீர்கள். யுபிஎன்பி வேண்டாம். ஊர் வீட்டு முகவரி வரிசையை 192.168.1-லிருந்து வேறு ஏதாவது எண்ணுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீடும் அந்த வீடும் ஒரே எண்ணில் நின்று பின்னால் மல்லுக்கட்டும்.

கேமராக்களைத் தனி வலையமைப்பில் அடையுங்கள். அந்த வலையமைப்பிலிருந்து இணையத்துக்கும் வழி கிடையாது, வீட்டு மொபைல்களுக்கும் வழி கிடையாது. கேமராவுக்கு நேரம் தெரிய வேண்டுமே என்றால் அதை ரூட்டரே சொல்லும், அதற்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். கேமரா கம்பெனியின் ஆப் வேலை செய்யாதே? செய்யாதுதான். நமக்கு வேண்டியதே அதுதான். விஎல்சி-யில் பார்க்கலாம்.

அப்படியானால் நீங்கள் எப்படிப் பார்ப்பது? வயர்கார்டு. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவுக்குள்ளேயே சேர்ந்துவிட்ட சமாச்சாரம். இதில்தான் நம்ம ஆட்கள் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஊர் வீட்டில் கதவு திறந்து வைத்து இங்கிருந்து நுழையப் பார்க்கிறார்கள். நம்ம ஊரில் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருப்பதால் அது வேலையும் செய்யாது. திருப்பிப் போடுங்கள். ஊர்ப் பொட்டி உங்களைக் கூப்பிடட்டும். கதவு உங்கள் வீட்டில், அதுவும் ஒரே ஒரு போர்ட். சரியான சாவி இல்லாமல் தட்டுகிறவனுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது, ஆள் இருக்கிறதே தெரியாது. ஊர்ப் பொட்டி 25 வினாடிக்கு ஒரு முறை "இருக்கேன்" என்று ஒரு சொல் அனுப்பிக் கொண்டிருக்கும்படி வைத்தால் இணைப்பு அறுகாது. உங்கள் வீட்டிலும் பொது முகவரி இல்லையென்றால் மாதம் சில டாலரில் ஒரு சின்ன சர்வர் வாடகைக்கு எடுங்கள். அப்பா அம்மா வீட்டில் திறந்த கதவு ஒன்றுகூட இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். ஏற்றிவிட்டு மறந்துபோன ஓப்பன்டபிள்யூஆர்டி, கம்பெனிப் பொட்டியைவிட மோசம் என்பது. உண்மை. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது புதுப்பிக்கணும். பொங்கல், தீபாவளி என்று வைத்துக் கொள்ளுங்களேன். அதுவும் ஊரில் யாராவது சித்தப்பா பையன் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து, சிக்கினால் பட்டனை அமுக்க ஆள் வேண்டும். இதைக்கூடச் செய்ய முடியாது என்கிறவர்கள் தயவுசெய்து கேமராவைக் கழட்டிவிட்டு தினம் ஒரு போன் போடுங்கள்.

"இது ஐடி ஆளுங்களுக்குத்தான் முடியும்" என்பதை மதிக்க மாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் ஐடி ஆட்கள்.

ஆனால் எல்லாப் பாரத்தையும் பிள்ளைகள் தலையில் வைப்பதும் அநியாயம். இங்கே பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பொட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து வீட்டு உபயோகச் சாதனம் விற்பது சட்டவிரோதம். அட்மின்/அட்மின் போட்டு விற்றால் கம்பெனிக்கு அபராதம். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் எந்த ரூட்டரை மாட்டுவது என்பது வாடிக்கையாளரின் உரிமை. குட்டி இங்கிலாந்து என்று பெயர் வாங்கிய ஊர் நம்முடையது, பெரிய இங்கிலாந்தில் இருக்கிற சட்டத்தை நம்ம நாட்டிலும் கேட்பதில் என்ன தப்பு? அதுவரைக்கும் அடுத்த தடவை ஊரில் ஃபைபர் இணைப்பு எடுக்கும்போது, பணம் கட்டுவதற்கு முன்னால், "உங்க பொட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தருவீங்களா?" என்று கேளுங்கள். தங்கள் பொட்டி வெறும் கம்பியாக இருந்து, உங்கள் பொட்டி வாசல் காக்க விடுவார்களா என்று அர்த்தம். புரியாத மாதிரி முழிப்பார்கள். மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். முடியாது என்றால் எதிர்க் கடைக்குப் போங்கள்.