சிறிய தளத்திற்கும் பூட்டு வேண்டும்

மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில் மிளகு, ஏலக்காய், சுக்கு ஆகியவற்றை விற்கும் கடைகள் பல உள்ளன. பெரிய பண்டகசாலையாயினும் சிறு கடையாயினும், இரவில் கதவைப் பூட்டாமல் வீடு திரும்பும் வணிகர் இலர். ஆனால் அத்தகைய வணிகர் ஒருவர் தம் கடைக்கென ஓர் இணையதளம் தொடங்கினால், அதற்கும் பூட்டு வேண்டும் என்று எண்ணுவது அரிது. வெளிமாநிலத் தமிழர்கள் நடத்தும் சிறு சங்கங்களின் தளங்களும் இவ்வாறு இருப்பதுண்டு. “நம்முடையது சிறிய தளம், இதை யார் தாக்கப் போகிறார்கள்?” என்று கூறுகின்றனர். இதனை நான் ஏற்கவில்லை.

இணையத்தில் ஊடுருவுவோர் பலர் தாமே அமர்ந்து தளங்களைத் தேடுவதில்லை. தானியங்கி நிரல்களை ஏவிவிடுகின்றனர். அந்நிரல்கள் இரவும் பகலும் கண்ணில்படும் தளங்களையெல்லாம் சோதிக்கின்றன. தெருவில் ஒவ்வொரு பூட்டாக இழுத்துப் பார்த்துச் செல்லும் திருடன் பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை அல்லவா?

2017ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் காண்போம். வேர்டுபிரஸ் என்பது இணையதளங்களை உருவாக்க உலகெங்கும் பயன்படும் மென்பொருள். அதன் 4.7 பதிப்பில் ஒரு குறை இருந்தது. கடவுச்சொல் அறியாதவரும் பிறர் தளத்தில் உள்ளவற்றை மாற்றி எழுத அது இடமளித்தது. சனவரி 26 அன்று குறை நீக்கிய பதிப்பு வெளிவந்தது. தளங்கள் புதுப்பிக்கப்படுவதற்கு அவகாசம் அளிக்கும் பொருட்டு, அக்குறையைப் பற்றிய செய்தியைப் பிப்ரவரி 1 வரை அதன் உருவாக்குநர்கள் வெளியிடவில்லை. பல தளங்கள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டன. புதுப்பிக்கப்படாத தளங்களிலோ, அடுத்த சில நாள்களுக்குள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பக்கங்கள் சிதைக்கப்பட்டன. புதிய பூட்டு விலையின்றிக் கிடைத்தும் அதனை மாட்டாதவர்களே இழப்புக்கு உள்ளாயினர். ஆதலால், விலை உயர்ந்த பாதுகாப்பு மென்பொருளை வாங்குவதைக் காட்டிலும், இருக்கும் மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிப்பதே முதற்கடமை என்பேன். சலிப்பூட்டும் வேலைதான், எனினும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஊடுருவியவர் எப்போதும் தளத்தைச் சிதைப்பதில்லை. சில வேளைகளில் முகப்பு மாறாமலே இருக்கும். உள்ளே வங்கியின் பக்கத்தைப் போன்ற போலிப் பக்கம் ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அதில் ஏமாந்து பணத்தை இழப்பவர் தளத்தின் உரிமையாளர் அல்லர். எங்கோ வாழும் வேறொருவர். “என் தளம், என் விருப்பம்” என்று கூற இயலாமைக்கு இதுவே காரணம். பணம் இழந்தவர் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சிறிய தளங்களுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. சங்கத்தின் தளத்தை உறவினர் வீட்டு அண்ணன் ஒருவர் விடுமுறையில் அமைத்துத் தருவார். பின்னர் வேலை கிடைத்து வேற்றூர் செல்வார். கடவுச்சொல் அவரிடமே இருக்கும். அல்லது சங்கத்தின் பெயரும் ஆண்டும் சேர்ந்த எளிய சொல்லாக இருந்து, அனைவருக்கும் தெரிந்திருக்கும். இவ்விரண்டும் தீங்கே. பொறுப்பு மாறும்போது கடவுச்சொல்லும் மாற வேண்டும். அது நீளமானதாகவும் வேறெங்கும் பயன்படுத்தப்படாததாகவும் இருத்தல் நன்று. அதனுடன், கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால், கடவுச்சொல்லைத் திருடியவரும் எளிதில் நுழைய முடியாது. தளத்தின் படி ஒன்றை வேறோரிடத்தில் சேமித்து வைத்தால், சிதைந்த தளத்தை மீட்க அது உதவும்.

இவை அனைத்தையும் செய்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: தளத்தில் எவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும்? பொங்கல் விழாப் போட்டிக்காகக் குழந்தைகளின் பெயர், பிறந்த நாள், பள்ளி, முகவரி, பெற்றோரின் கைப்பேசி எண் ஆகிய அனைத்தையும் படிவத்தில் கேட்கின்றனர். விழா முடிந்த பின்னும் அப்பட்டியல் தளத்திலேயே கிடக்கிறது. 18 வயது நிறையாதவர்களின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஓவியப் போட்டிக்கு வீட்டு முகவரி எதற்கு? பெயரும் வகுப்பும் ஒரு தொடர்பு எண்ணும் போதும். பரிசளிப்பு முடிந்த மறுநாளே அந்த எண்களையும் அழித்துவிடலாம்.