மேத்ஸ் படிச்சா ஜாவாதானா?

என் சித்தி பொண்ணு பி.எஸ்ஸி. மேத்ஸ் இரண்டாவது வருஷம் முடிச்சப்போ, "அண்ணா, ஐ.டி. வேலைக்கு என்ன படிக்கணும்?"னு கேட்டா. நான் யோசிக்கவே இல்லை. ஜாவா கோர்ஸ்ல சேரச் சொன்னேன். சித்தப்பா 35 ஆயிரம் கட்டினார். ஆறு மாசம் கழிச்சு அவ சொன்னா: "பிடிக்கலைண்ணா, ஆனா பணம் கட்டியாச்சே." அந்த உறுத்தல்லதான் இதை எழுதுறேன்.

ஐ.டி.ன்னா கோடிங் மட்டும்தான்னு நம்மள மாதிரி இன்ஜினியரிங் பசங்க எல்லாருக்கும் சொல்லிட்டு இருக்கோம். அது தப்பு.

ஒரு கால் சென்டரை எடுத்துக்கோங்க. மணிக்கு 100 கால் வருது, ஒவ்வொன்றும் சராசரியா 3 நிமிஷம். மொத்தம் 300 நிமிஷ வேலை, அப்போ 5 பேர் போதும்னு தோணும். போதாது. கால் எல்லாம் டைம்டேபிள் போட்டா வருது? 5 பேர்னா க்யூ வளர்ந்துகிட்டே போகும். 6 பேர் இருந்தால், கூப்பிடுபவர்களில் பாதிக்கு மேல் காத்திருக்கணும். 8 பேர் இருந்தால் ஏறக்குறைய ஆறில் ஒருத்தர்தான். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணிதக்காரர் 1917-ல் கொடுத்த ஃபார்முலா இது. கம்ப்யூட்டரே வராத காலம். (பின்னாடி அவர் பேர்லயே ஒரு ப்ரோக்ராமிங் லாங்குவேஜ் வந்தது தனிக்கதை.)

இதே கணக்கைத்தான் நாம பி.க்யூ.டி. பேப்பர்ல எழுதி, பாஸ் பண்ணி, மறந்தோம். ஆனா எந்த ஷிஃப்ட்டுக்கு எத்தனை பேர், பண்டிகை சேல் அன்னிக்கு எத்தனை சர்வர்னு கணக்குப் போடுறதே முழுநேர வேலை. வொர்க்ஃபோர்ஸ் மேனேஜ்மென்ட், கெப்பாசிட்டி ப்ளானிங்னு தேடிப் பாருங்க. டேட்டா அனலிஸ்ட், பிசினஸ் அனலிஸ்ட், டெஸ்டிங் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

கம்ப்யூட்டரையே தொட வேண்டாம்னு சொல்லலை. எக்செல் நல்லா வரணும், கொஞ்சம் எஸ்.க்யூ.எல். வேணும். ஆனா அது 35 ஆயிரம் ரூபாய் சமாச்சாரம் இல்லை, இலவசமாவே கத்துக்கலாம். அதைவிட, புள்ளியியல் பேப்பரை மார்க்குக்காக மட்டும் படிக்காம இருக்கணும்.

இதையெல்லாம் லேட்டாதான் அவகிட்ட சொன்னேன். கொஞ்சம் திட்டினா. போன வாரம் ஊர்ல ஒரு பேங்க்ல ஒரு மணி நேரம் உட்கார்ந்து, யார் எப்போ வந்தாங்க, எப்போ போனாங்கன்னு குறிச்சு, எக்செல்ல போட்டு அனுப்பியிருக்கா. இன்னொரு கவுன்ட்டர் திறக்கணுமாம்.