புறப்படுமுன் பிரியக் கற்போம்

கோடை விடுமுறை நெருங்கியதும் நம் பங்குகளில் ஒரு சுறுசுறுப்புப் பிறக்கிறது. அன்பியத்தாரும் இளைஞர் இயக்கத்தாரும் கூடி நற்செய்திப் பயணத்துக்குத் திட்டமிடுகின்றனர். பேருந்து பேசப்படுகிறது. ஒரே நிறத்தில் பனியன் அச்சாகிறது. சமையலுக்கு ஆள், பாடலுக்குக் குழு, புகைப்படத்துக்கு ஒருவர் என எல்லாம் ஆயத்தமாகின்றன. இரண்டு கேள்விகள் மட்டும் எவர் நாவிலும் எழுவதில்லை. நாம் போகும் ஊரில் வாழ்பவர் யார்? அவர்கள் நம்மை அழைத்தார்களா?

பயணமே வேண்டாம் என்று வாதிடுவது நம் நோக்கமன்று. திருச்சபை தன் இயல்பிலேயே அனுப்பப்பட்ட சபை என்று 1965-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அந்த அழைப்பு பொதுநிலையினராகிய நமக்கும் உரியது. நம் வழக்கு ஆயத்தத்தைப் பற்றியது. இன்று நடப்பது பிறரிடம் செல்வதற்கான ஆயத்தமன்று. வேறோர் ஊரிலும் நமக்குள் நாமே கூடியிருப்பதற்கான ஆயத்தமே.

“நெருக்கமான குழுவாய்ச் செல்வது தவறா? தொடக்கக் கால விசுவாசிகள் ஒரே உள்ளமாய் வாழவில்லையா?” எனச் சிலர் கேட்பர். வாழ்ந்தார்கள், உண்மையே. ஆனால் திருத்தூதர் பணிகள் நூலை நான்காம் அதிகாரத்தோடு மூடிவைத்துவிடலாகாது. எட்டாம் அதிகாரத்தில் அந்த எருசலேம் சபை கலாபனையால் சிதறடிக்கப்படுகிறது. சிதறியவர்களே சென்ற இடமெல்லாம் நற்செய்தியை விதைத்தார்கள். பதின்மூன்றாம் அதிகாரத்தில் அந்தியோக்கியா சபை நோன்பிருந்து, செபித்து, கைகளை வைத்து பர்னபாவையும் சவுலையும் அனுப்புகிறது. சபை முழுவதும் கப்பலேறவில்லை. தனக்கு மிகவும் வேண்டிய இருவரைப் பிரிந்து நின்றது. சமூகத்தின் கடமை அனுப்புவது, அனுப்புவதோ வலிக்கும்.

விருத்தாசலத்தில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்ள வெளியூர் உவமை தேவையில்லை. பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற ஊரல்லவா இது? கிளேஸ் பூசிய பொருள்களைச் சூளையில் அடுக்குவோரைக் கவனியுங்கள். ஒன்றையொன்று தொடாதபடி இடைவெளி விட்டே வைப்பார்கள். வெப்பம் ஏற ஏறப் பூச்சு உருகும். தொட்டுக்கொண்டிருந்தவை ஒட்டிக்கொள்ளும், ஆறிய பின் பிரித்தால் இரண்டுமே பழுதாகும். ஈரம் உலராத மண்ணை அவசரமாய்ச் சூளையில் ஏற்றினாலோ வெடித்துப் போகும். ஒரே மண், ஒரே நெருப்பு. ஆயினும் இடைவெளியும் பொறுமையும் இன்றிப் பயன்படும் பாண்டம் உருவாவதில்லை. நம் குழுக்களில் இல்லாதவை இவ்விரண்டுமே.

இவ்விரண்டையும் உடையவராய் நம் பகுதிக்கு வந்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து 1710-இல் இந்தியா வந்த அவர், முதலில் மாணவராய் அமர்ந்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார் என்பது வழிவழிச் செய்தி. பின்னரே 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி பிறந்தது. 1732-இல் சதுரகராதி வந்தது. அருகிலுள்ள கோணான்குப்பத்தில் அன்னை மரியாவுக்கு அவர் வழங்கிய பெயரையும் எண்ணிப் பாருங்கள். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் அம்மன் பெயர் பெரியநாயகி. இம்மண் தன் நாவில் வைத்திருந்த அந்தப் பெயராலேயே அவர் நம் அன்னையை அழைத்தார். கொடுக்க வந்தவர், முதலில் பெற்றுக்கொண்டார்.

“பத்து நாள் பயணத்தில் வீரமாமுனிவர் ஆக முடியுமா?” என்பது அடுத்த மறுப்பு. முடியாதுதான். ஆனால் பத்தே நாள் இருப்பவர் பத்து நாள் விருந்தினராய் அடக்கத்தோடு இருக்கலாமே! மீட்பரைப் போல் நடந்துகொள்ள வேண்டிய கட்டாயம் என்ன? 1968-இல் மெக்சிகோவில் தொண்டாற்றத் துடித்த அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் என்ற குரு இதையே கடுமையாய்ச் சொன்னார். பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள். உதவுகிறோம் என்று மட்டும் வராதீர்கள் என்பது அவர் உரையின் சாரம். மொழியறியாத நல்லெண்ணம் ஏழையின் மேல் ஏற்றும் சுமையை அவர் அறிந்திருந்தார்.

அப்படியாயின் எப்படி ஆயத்தமாவது? இயேசு பெருமானே லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வகுத்துத் தந்திருக்கிறார். இருவர் இருவராய்ப் போக வேண்டும். பணப்பையும் வேறு பையும் வேண்டாம். வீடு வீடாய் மாறாமல் ஒரே வீட்டில் தங்க வேண்டும். முன்வைப்பதை உண்ண வேண்டும். இதில் தனிச் சமையல்காரருக்கு இடமேது? நம் அரிசியையும் அடுப்பையும் கையோடு கொண்டுபோனால், நமக்குச் சோறிடும் பெருமையை அந்த ஏழைத் தாயிடமிருந்து நாமே பறித்துவிடுகிறோம்.

எனவே, கல்வராயன் மலைக்கு ஆயினும் வடமாநிலச் சிற்றூருக்கு ஆயினும், புறப்படுமுன் சில செய்வோம். அவ்வூராரிடம் முன்னதாகவே ஆளனுப்பி, வரலாமா, எப்போது வரலாம் எனக் கேட்போம். வேண்டாம் என்றால் பணிவோம். அவர்கள் மொழியை, பேச்சு வழக்கையேனும், சில மாதம் பயில்வோம். அவர்களின் நிலம், கூலி, கடன், பள்ளி பற்றி அறிவோம். ஒரே பனியனையும் புகைப்படக் கருவியையும் வீட்டில் வைத்துச் செல்வோம். அங்கே ஒரே கூடாரத்தில் உறங்காமல், அழைக்கும் வீடுகளில் இருவர் இருவராய்த் தங்குவோம். அடுத்த ஆண்டு வேறு ஊர் தேடாமல் அதே ஊருக்குத் திரும்புவோம்.

இவற்றுக்கு ஒப்பாத குழு இன்பச் சுற்றுலா செல்லட்டும். அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு நற்செய்தியின் பெயரைச் சூட்ட வேண்டாம். ஆண்டவர் நம்மை ஒன்றுசேர்த்தது அனுப்புவதற்காகவே. ஒருவரையொருவர் விட்டு ஒரு வாரம்கூடப் பிரியத் துணியாத அன்பு, அந்நியரின் வாசலில் நின்று எந்த அன்பைப் பற்றிப் பேசும்?